மருந்து கட்டினால் போதாதா, பொலிஸ் எதற்கு?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: திருகோணமலை மாவட்ட அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒரு தாதி உத்தியோகத்தர்

இந்த மாதம் வெருகல் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்கு நீளமாகத்தான் பதில் எழுத வேண்டும். அதே விடயத்தை ஒட்டி வேறு சிலரும் கேட்டிருந்தார்கள், அவற்றையும் சேர்த்துக்கொண்டேன். நீரிழிவுக் கால்களும் பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சியும் அடுத்த இதழ் வரை பொறுத்திருக்கட்டும்.

கேள்வி: அன்புள்ள அக்கா, என் கணவர் மாடு தேடிக் காட்டோரம் போனபோது கட்டுத்துவக்கு வெடித்து வலது காலில் சன்னங்கள் ஏறிவிட்டன. முதலில் கொண்டுபோன தனியார் மருத்துவ நிலையத்தில், "இதை நாங்கள் தொட மாட்டோம், அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொஞ்ச நேரத்தில் கட்டிலருகே பொலிஸ் வந்து நின்றது. நாங்கள் யார்மீதும் முறைப்பாடு செய்யவில்லை. துவக்கைக் கட்டியவர் என் கணவருக்கு மச்சான் முறை. பன்றிக்குத்தான் கட்டினார். குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள இருந்தோம். இது விபத்து. ஆஸ்பத்திரி ஏன் எங்களைக் கேட்காமல் பொலிஸுக்கு அறிவித்தது?
– பெயர் வேண்டாம், வெருகல் பக்கம்

பதில்: தங்கச்சி, பொலிஸ் கொஞ்சம் நிற்கட்டும். முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன். கட்டுத்துவக்கு என்பது கடையில் வாங்கிய வேட்டைத் துவக்கு அல்ல. கையால் செய்த இரும்புக் குழாய், கால் பட்டால் வெடிக்கும்படி குறுக்கே இழுத்துக் கட்டிய கயிறு, குழாய்க்குள் வெடிமருந்து, அதற்கு மேல் ஈயத்துண்டு, சைக்கிள் சக்கரத்துக் குண்டு, ஆணித்துண்டு, கட்டுகிறவர் கையில் அகப்பட்ட எதுவும். பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதனுக்கு முழங்காலையும் கெண்டைக்காலையும்தான் பிடிக்கும். முழங்காலின் பின்புறம் ஓடும் பெரிய நாடி அறுந்துவிட்டால், இரத்த ஓட்டத்தைத் திரும்ப ஏற்படுத்த ஏறக்குறைய ஆறு மணித்தியாலம்தான் அவகாசம். அதைத் தாண்டினால் காலைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் முன்பு, மூதூர்ப் பக்கத்துக் காயக்காரர்கள் மிதவைப் பாதைக்குக் காத்திருந்தே அந்த நேரத்தைத் தொலைத்தார்கள். இப்போது பாலம் இருக்கிறது, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இருக்கிறது. ஆனாலும் சிலர் விடிந்த பிறகுதான் வருகிறார்கள். இரவு முழுவதும் தேயிலைத்தூளை அப்பி, சாரத்தைக் கிழித்துக் கட்டி, "பொலிஸ் கேஸ் ஆகிவிடும், கொஞ்சம் பார்ப்போம்" என்று பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள். கால் குளிர்ந்து நிறம் மாறிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. உங்கள் கணவரின் கால் பிழைத்தால் அதில் பாதிப் பெருமை உங்களுக்கு.

அந்தத் தனியார் நிலையத்தைப் பற்றி: அறுவைச் சிகிச்சை வசதி இல்லாத இடம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது சரிதான். ஆனால் இரத்தம் வடியும் காலில் ஓர் அழுத்தக் கட்டுக்கூடப் போடாமல் அனுப்பியிருந்தால், அது சட்டத்துக்குப் பயந்த வேலை அல்ல, தொழிலை மறந்த வேலை. இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் இதைத்தான் தீர்த்துச் சொன்னது: காயக்காரன் குற்றவாளியோ நிரபராதியோ, முதலில் உயிரைக் காப்பாற்று, பொலிஸ் படிவமெல்லாம் பிறகு. அது பக்கத்து நாட்டுத் தீர்ப்பு; எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் விபத்துப் பிரிவில் வேலை செய்த எவரும் அதை மறுத்துப் பேச மாட்டார்கள்.

இனிப் பொலிஸ். உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். துவக்குக் காயத்தோடு வந்தவனுடைய இரத்த வகையைக் கேட்கும் முன் அவன் எந்த இயக்கம் என்று கேட்ட காலத்தில்தான் நானும் வார்டில் நின்றேன். அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இப்போது உங்கள் கணவரின் கட்டிலருகே நடந்தது வேறு.

துவக்குக் காயம், வெட்டுக்காயம், வீதி விபத்து, நஞ்சு, அடிபட்ட காயம் இவையெல்லாம் ஆஸ்பத்திரியில் சட்ட மருத்துவச் சம்பவங்களாகப் பதியப்படும். பெரிய ஆஸ்பத்திரியில் பொலிஸ் காவலரண் உள்ளேயே இருக்கிறது. சிறிய ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குச் சொல்வார்கள். பொலிஸ் ஒரு பரிசோதனைப் படிவம் தரும். ஜே.எம்.ஓ. என்று எல்லோரும் அழைக்கும் சட்ட வைத்திய அதிகாரியோ அவருக்குப் பதிலாக வேறொரு வைத்தியரோ காயங்களைப் பார்த்து அதை நிரப்புவார். எங்கே காயம், என்ன ஆயுதத்தால் வந்திருக்கலாம், எவ்வளவு பாரதூரம், மதுவாடை இருந்ததா, இவ்வளவுதான் அதில் உண்டு. யார் குற்றவாளி என்று எழுத அதில் இடமில்லை. அந்தப் பரிசோதனைக்கு உங்கள் கணவரின் சம்மதம் தேவை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 122ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவர் மறுத்தாலும் சிகிச்சை நிற்காது.

"விபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு விபத்து? உங்கள் கணவருக்கு, சந்தேகமில்லை. துவக்கைக் கட்டிய மச்சானுக்கு? அவர் உங்கள் கணவரைச் சுட நினைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் யார் கால் பட்டாலும் வெடிக்கட்டும் என்றுதான் அந்தக் கயிறு இழுத்துக் கட்டப்பட்டது. தண்டனைச் சட்டக்கோவையின் 329ஆம் பிரிவு, கவலையீனமாகவோ அசட்டுத் துணிவோடோ ஒருவருக்குக் கடுங்காயம் விளைவிப்பதைக் குற்றம் என்கிறது. எலும்பு முறிந்தாலே அது கடுங்காயம்தான். 311ஆம் பிரிவைப் பாருங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு வைத்திருப்பது தனிக் குற்றம். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது, 1996இல் தண்டனைகளைக் கூட்டினார்கள். இதையெல்லாம் எடை போடுவது பொலிஸும் நீதவானும். கத்தரிக்கோலும் பஞ்சும் கையில் வைத்திருக்கும் நாங்கள் "இது விபத்து, இது விபத்தல்ல" என்று பிரித்து, முன்னதை மறைத்துப் பின்னதை மட்டும் சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? மனைவியைச் சுட்டவனும் "துடைக்கும்போது வெடித்தது" என்றுதான் வருவான்.

இன்னொரு விடயம் என் மனதில் உறுத்துகிறது. கட்டுத்துவக்குக் கட்டுகிறவர் ஒன்றோடு நிறுத்துவது அரிது. அந்தக் காட்டோரத்தில் வேறு கயிறுகள் இல்லை என்று உங்கள் மச்சான் உங்களிடம் சொன்னாரா? பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் வாளியோடு அந்தப் பக்கம்தான் போகிறார்கள். பன்றி சேனையை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் வேதனையை நான் அறிவேன். சோளமும் கச்சானும் போட்ட வீட்டில்தான் நானும் பிறந்தேன். அதற்காகப் பொதுப் பாதையில் துவக்கைக் கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுப்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: கணவர் வலி மருந்தின் மயக்கத்தில் இருக்கும்போது வாக்குமூலம் கொடுக்க வேண்டாம். அவர் பேசும் நிலையில் இருக்கிறாரா என்பதை வைத்தியர் சொல்லட்டும். எங்கள் மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையொப்பம் வைக்கச் சொல்லுங்கள். சமரசம் பேசுவதென்றால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பொலிஸ் வாங்கிலும் பேசும் பேச்சல்ல. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போங்கள். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. மச்சானைக் காப்பாற்றுவதற்காகக் கதையை மாற்ற வேண்டாம். "கம்பி குத்தியது", "யாரோ தெரியாத ஆள் சுட்டான்" என்று வாசலில் சொன்னது முதல் வைத்தியரின் குறிப்பில் ஏறிவிடும். அந்தக் குறிப்பு மாதங்கள் கழித்து நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உங்கள் கணவர் காயக்காரனாக நிற்க வேண்டியவர், பொய்யனாக நிற்பார். யாரோ ஓர் அப்பாவி ஊரவனைப் பொலிஸ் தேடிப் பிடித்தால் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஆஸ்பத்திரிப் பொலிஸில் படிவம் எழுத "தேநீர்க் காசு" கொடுக்க வேண்டுமா?
– தம்பலகாமம்

பதில்: வேண்டாம். கேட்டால் 1954 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அங்கேதான் இருக்கிறது. தேநீர் வேண்டுமானால் கன்டீன் திறந்திருக்கிறது.

கேள்வி: அக்கா, என் மருமகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். கைத்துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்து உள்ளங்கையில் காயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கும் பொலிஸ் வந்து விசாரித்ததாம். சொந்தத் துப்பாக்கி, சொந்தக் கை. அங்கே துப்பாக்கி வாங்குவது இங்கே சந்தையில் கத்தரிக்காய் வாங்குவது மாதிரி என்கிறார்கள், பிறகு ஏன் இந்த விசாரணை? நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அங்கே கடுமையான சட்டம் இருப்பதாகவும் மகள் சொல்கிறாள்.
– ஒரு மாமியார், உவர்மலை

பதில்: மகள் சொல்வது சரி. 1996இல் வந்த சட்டத்தின் கீழ் அமெரிக்காவில் நோயாளியின் தகவலுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வேறொரு சட்டம் "அறிவித்தே ஆக வேண்டும்" என்று சொல்லும் இடத்தில் அறிவிப்பதற்கு அதே சட்டம் வழிவிடுகிறது. துப்பாக்கிக் காயத்தை அறிவிக்கச் சொல்லும் சட்டம் அங்கே ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. மருமகன் இருக்கும் டெக்சாஸில் சிகிச்சை அளித்த வைத்தியரோ ஆஸ்பத்திரி நிர்வாகியோ உடனே பொலிஸுக்குச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் உடனே தொலைபேசியில் சொல்லி, இரண்டு வேலைநாளுக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும்; தன்னைத்தானே சுட்டுக்கொண்ட காயமும் அதில் அடங்கும். நியூயோர்க்கில் அறிவிக்காமல் விட்டால் வைத்தியர்தான் குற்றவாளி. விபத்து என்ற காரணத்துக்காகத் துப்பாக்கிக் காயத்தை மறைக்கும் உரிமை அந்த மாநிலங்களின் வைத்தியர்களுக்கு இல்லை.

கனடாவில் ஒன்ராறியோ 2005இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கே ஆஸ்பத்திரி சொல்ல வேண்டியது மூன்றே மூன்று விடயம்: துப்பாக்கிக் காயத்தோடு ஒருவர் வந்திருக்கிறார், தெரிந்தால் அவருடைய பெயர், ஆஸ்பத்திரி எது. நோயாளியின் மற்ற வியாதிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இப்படி அளந்து வைத்த சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது தாதிக்கும் தெரியும், எவ்வளவு கேட்கலாம் என்பது பொலிஸுக்கும் தெரியும்.

உங்கள் மருமகனுக்கு முறையான துப்பாக்கி என்றால், கேட்டுவிட்டுப் போனதோடு விடயம் பெரும்பாலும் முடிந்திருக்கும். கவலைப்பட வேண்டியது வேறு: குழலில் குண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் துடைக்கிறவர் வீட்டில் உங்கள் பேரப்பிள்ளைகள் தவழ்கிறார்கள். அதை மகளிடம் நீங்கள் கேளுங்கள். பொலிஸ் கேட்டதை விட அது அவருக்கு உறைக்கும்.

கேள்வி: சுடுகாயம் பட்டவரின் உடுப்பை என்ன செய்வது? எங்கள் பெரியப்பாவின் இரத்தம் தோய்ந்த சாரத்தைத் துவைத்துவிட்டோம். பிறகு பொலிஸ் கேட்டுத் திட்டியது. இது என்ன பிடிவாதம்?
– திரியாய்

பதில்: பிடிவாதம் அல்ல. அந்தச் சாரம் பேசும். துவக்கு கிட்டத்தில் வெடித்தால் துணியில் கரியும் எரிந்த அடையாளமும் வெடிமருந்துத் துகளும் இருக்கும்; தூரம் கூடக் கூட அவை குறைந்து இல்லாமல் போகும். சன்னங்களும் அப்படித்தான். கிட்டத்தில் ஒரே துளையாக நுழையும், தள்ளிப் போகப் போகப் பரவும். "தடக்கி விழுந்தபோது என் கைத் துவக்கே வெடித்தது" என்று பெரியப்பா சொன்னால், அதை உண்மை என்று காட்டக்கூடிய சாட்சி அந்தத் துணிதான். நீங்கள் துவைத்தது அவருக்குச் சாதகமான சாட்சியாகவும் இருந்திருக்கலாம்.

அடுத்த முறைக்கு (வராமல் இருக்கட்டும்): உடுப்பைத் துவைக்க வேண்டாம், உதற வேண்டாம். நிழலில் காயவிட்டுக் கடதாசிப் பையில் போடுங்கள். பிளாஸ்ரிக் பையில் போட்டால் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். உடுப்பை வெட்ட வேண்டி வந்தால் துளையை விட்டுத் தள்ளி வெட்டுங்கள். வார்டில் நாங்களும் அப்படித்தான் வெட்டுவோம். சத்திரசிகிச்சையில் எடுக்கும் சன்னங்களை ஆஸ்பத்திரி போத்தலில் இட்டுப் பெயர் எழுதி ஒப்படைக்கும். நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கேட்காதீர்கள். கேட்டவர்கள் உண்டு! எல்லாச் சன்னத்தையும் எடுக்கவும் மாட்டார்கள். ஆழத்தில் தொந்தரவு செய்யாமல் கிடப்பதைத் தோண்டினால் கூடுதல் சேதம். எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன என்று அதற்காக வைத்தியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மூட்டுக்குள் ஈயம் கிடந்தால் அது வேறு கதை. அதைக் கட்டாயம் கேளுங்கள். ஏற்பு ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி: ராத்தா, நான் தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். நோயாளி என்னை நம்பி, "தங்கச்சி, யாருக்கும் சொல்லாதே, துவக்கு என் தம்பியுடையது" என்று சொன்னால் நான் என்ன செய்வது? இரகசியம் காப்பது எங்கள் ஒழுக்கம் என்று வகுப்பில் படிப்பிக்கிறார்கள்.
– கிண்ணியா மாணவி

பதில்: மகள், காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காமல் இருப்பதுதான் முதல் ஒழுக்கம். அவர் வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடு: "நீங்கள் சொல்வதை வைத்தியருக்கு நான் சொல்ல வேண்டி வரும்." அதற்குப் பிறகும் சொல்கிறவர், சொல்ல விரும்பித்தான் சொல்கிறார்.

பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கான வழிகாட்டல் இதை இரண்டாகப் பிரிக்கிறது. துப்பாக்கிக் காயத்தோடு ஒருவர் வந்திருக்கிறார் என்பதை உடனே பொலிஸுக்குச் சொல்லிவிட வேண்டும். பெயரையும் முகவரியையும் அந்த முதல் அறிவிப்பிலேயே கொடுக்க வேண்டியதில்லை. நோயாளி சம்மதித்தால் அல்லது பிறருக்கு ஆபத்து இருந்தால்தான். விபத்தென்றாலும், முறையான துப்பாக்கியென்றாலும், அனுமதிப்பத்திரத்தைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்பது பொலிஸ் யோசிக்க வேண்டிய விடயம் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார்கள். பொலிஸ் நோயாளியைப் பார்க்க வரலாம், ஆனால் சிகிச்சையைக் குழப்பிக்கொண்டு வரக்கூடாது. எங்கள் வார்டுகளில் இந்தக் கடைசி வரி கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. சேலைன் ஏற்றிக்கொண்டிருக்கும்போது குறிப்புப் புத்தகத்தோடு கட்டிலுக்கும் திரைக்கும் நடுவே நுழைகிற உத்தியோகத்தரை, "ஐயா, கொஞ்சம் வெளியே நில்லுங்கள்" என்று சொல்லப் பழகிக்கொள். சீருடை உனக்கும் இருக்கிறது.

நீ நேரே பொலிஸிடம் போய்ச் சொல்லாதே. வைத்தியரிடம் சொல், அவர் அறிவிப்பார். நோயாளி சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுது. உன் ஊகத்தைச் சேர்க்காதே. பக்கத்துக் கட்டில்காரர் கேட்டாலும், கிண்ணியாவில் உன் உம்மா கேட்டாலும் வாயைத் திறக்காதே. சட்டம் வைத்தியரைப் பொலிஸிடம்தான் பேசச் சொல்கிறது, சந்தையில் அல்ல. ஆஸ்பத்திரிகளில் இரகசியம் உடைவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தால்தான்.

கேள்வி: இது துவக்குக் காயம் இல்லை. கடலில் மீனுக்குப் போட்ட டைனமைட் கையிலேயே வெடித்து எனக்கு இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காஸ் குக்கர் வெடித்தது என்று சொன்னேன். அங்கே யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நம்பிவிட்டார்களா? ஒரு பக்கக் காது இன்னும் இரைகிறது.
– பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: தம்பி, நம்பவில்லை. குக்கர் வெடித்தவனுக்கு முகத்திலும் மார்பிலும் தீக்காயம் இருக்கும். இரண்டு விரல் சுத்தமாகப் போய், உள்ளங்கை பிளந்து, மயிர் கருகாமல் வருகிறவனை வைத்தியர்கள் வேறு விதமாகத்தான் குறித்துக்கொள்வார்கள். "நோயாளி கூறியபடி" என்று தொடங்கி எழுதினால் அதற்குப் பொருள் தெரிந்தவர்களுக்குத் தெரியும். டைனமைட் மீன்பிடி 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தில் தடை. வழக்கு வரலாம், அதை நான் மூடி மறைத்துச் சொல்ல மாட்டேன். சட்டத்தரணியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆனால் உங்கள் பொய்யால் இன்று வரை நட்டம் பொலிஸுக்கு அல்ல, உங்கள் காதுக்கு. குக்கர் என்று சொன்னதால் தீக்காயத்தைத் தேடியிருப்பார்கள். வெடி என்று சொல்லியிருந்தால் செவிப்பறையையும் நுரையீரலையும் கண்ணையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள். கிழிந்த செவிப்பறை பல வேளை தானே மூடும், சில வேளை மூடாது; சீழ் வைத்தால் காது கேட்பதே போய்விடும். காதுக்குள் எண்ணெய் விடாதீர்கள், கடலில் மூழ்காதீர்கள், குளிக்கும்போது பஞ்சு வைத்து அடையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போய், என்ன வெடித்தது என்பதை அதன் பெயரிலேயே சொல்லுங்கள்.